அரசர் தலைமுடி காய்வதற்குள்

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று குறுக்கே கேட்கக் கூடாது, சொல்கிறவனுக்கே தெரியாது, ஒரு நாட்டில் பூபாலவர்மன் என்று ஓர் அரசர் இருந்தார். நல்ல அரசர்தான். வரி வாங்குவதில் கருணை உண்டு, கோயிலுக்குக் கொடுப்பதில் குறை இல்லை. ஆனால் ஓர் ஆசை வந்துவிட்டால் மட்டும் அது நிறைவேறும்வரை அவருக்குச் சோறு இறங்காது. ஒருநாள் காலையில் மேல்மாடத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவர் தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது. போதாதா? வாயைக்கூடக் கொப்பளிக்காமல் அரண்மனைச் சாயக்காரன் தாண்டவனைக் கூட்டிவரச் சொன்னார்.

"தாண்டவா, எனக்கு வானத்தின் நிறத்தில் ஒரு தலைப்பாகை வேண்டும். வசந்த விழாவன்று நான் அதைக் கட்டிக்கொண்டு இந்த மாடத்தில் நிற்பேன். கீழே நிற்கும் குடிகளுக்குத் தலைப்பாகை எது, வானம் எது என்று தெரியக் கூடாது."

"உத்தரவு மகாராஜா" என்று சொல்லித் தாண்டவன் பின்னாலேயே நகர்ந்து வெளியே போனான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அரண்மனையில் அரசர் ஒன்று சொன்னால் யாரும் திருப்பிக் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் அரசர் சொன்னது விளங்கவில்லை என்று ஆகிவிடுமாம். அரசர் விளங்காமல் பேசுவாரா? அதனால் அரசர் 'பாயசம்' என்றால் என்ன பாயசம் என்று மடைப்பள்ளியில் ஒருவரும் கேட்பதில்லை. தெரிந்த பாயசம் அத்தனையும் காய்ச்சி வரிசையாக வைத்துவிடுவார்கள். தாண்டவன் பாவம், சாயக்காரன்; எல்லா நிறத்தையும் ஒரே துணியில் போட முடியுமா? அவன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தான். நீலமாக இருந்தது. நீலச் சாயத்துக்கு நல்ல அவுரியாகப் பார்த்து வாங்கி, முக்கியும் காயவைத்தும், மறுபடி முக்கியும், பார்த்தவர் கண்ணை எடுக்காதபடி ஒரு நீலத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தான். அரசர் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

வசந்த விழா வந்தது. அது சாயங்காலம் தொடங்குகிற விழா என்பதை யாரும் யோசிக்கவில்லை. அரசர் நீலத் தலைப்பாகையோடு மாடத்தில் வந்து நிற்கிறார், பின்னால் வானம் செக்கச்செவேல் என்று கிடக்கிறது! தலைப்பாகை தனியாக, வானம் தனியாக, ஒரு காத தூரத்துக்கு அப்பாலிருந்தும் தெரிந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

அரசர் பக்கத்தில் ஏகாம்பரச் சோதிடர் நின்றிருந்தார். அவருக்கு வெகு நாளாக ஒரு வயிற்றெரிச்சல். அரசவையின் விகடன் பிச்சாண்டிக்கு அரசர் காலடியில் இடம். நாள் கோள் பார்த்துச் சொல்லும் தனக்குத் தூண் ஓரத்தில் இடம். அந்தப் பிச்சாண்டியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பிதான் தாண்டவன். இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

"அரசே, சொல்ல நா கூசுகிறது" என்று தொடங்கினார் சோதிடர், கூசாமல். "தாங்கள் வான நிறம் கேட்டீர்கள். அவன் வேறு நிறத்தைக் கொடுத்து வான நிறம் என்றான். தங்கள் கண்ணில் ஒரு நிறம் தெரிய, அதை இன்னொரு நிறம் என்று சாதிக்கிறவனுக்குக் கை எதற்கு? பாருங்கள், வானமே கோபத்தில் முகம் சிவந்து நிற்கிறது."

அரசர் சிரித்த கூட்டத்தைப் பார்த்தார். மேலே வானத்தைப் பார்த்தார். "உண்மைதான்" என்றார். "என் கண்ணில் படும் நிறத்தை வேறு நிறம் என்று சொல்பவன் எவனாயினும் இரண்டு கைகளையும் இழப்பான். இது என் ஆணை. தாண்டவனைப் பிடியுங்கள்."

 மற்ற நாளாக இருந்தால் பிச்சாண்டி இந்நேரம் ஏதாவது ஒரு கோணங்கித்தனம் செய்து அரசரைச் சிரிக்கவைத்திருப்பான். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாயக்காரனுக்குக் கை போனால் உயிர் போனதுதானே? எப்படியோ முன்னால் வந்து விழுந்து கும்பிட்டான்.

"அரசே! தாண்டவன் நிறத்தை மாற்றவில்லை. காலையில் நீலமாக இருந்த வானம் சாயங்காலம் மாறிவிட்டது. குற்றம் வானத்தின் மேல்!"

"அப்படியா?" அரசர் புருவத்தைத் தூக்கினார். "என் நாட்டு வானம் என்னைக் கேட்காமல் நிறம் மாறுகிறதா? யார் அதற்குச் சாயம் போடுகிறார்கள்? ஏன் போடுகிறார்கள்? நாளை எனக்கு எண்ணெய்க் குளியல். எண்ணெய்த் தலையோடு இருக்கும்போது இந்த அரண்மனையில் தண்டனை கூடாது. நான் குளித்து, என் தலைமுடி காய்வதற்குள் நீ காரணத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, என் கண்ணுக்குக் காட்ட வேண்டும். காட்டினால் அவன் கைகள் அவனுக்கு. இல்லாவிட்டால் முடி காய்ந்ததும் ஆணை நிறைவேறும்."

ஏகாம்பரச் சோதிடர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். எதற்கு மூடினார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிச்சாண்டி வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி உண்ணாமலைக்குச் சேதி முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏங்க, ஊரையே சிரிக்க வைக்கிறீங்க. என் தம்பிக்கு ஒரு வழி பண்ண மாட்டீங்களா?"

"யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் உண்ணாமலை."

"யோசிங்க. வானம் ஏன் சிவக்குதுன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்ல. ஆனா அவன் எனக்கு ஒரே தம்பி. ஆத்தா கண்ண மூடுறப்ப என் கையிலதான் அவன் கையப் புடிச்சுக் குடுத்துட்டுப் போச்சு."  உள்ளே போய்விட்டாள்.

பிச்சாண்டி விடியும்வரை புரண்டு புரண்டு படுத்தான். கடவுள் சாயம் போடுகிறார் என்று சொல்லலாம். காட்டு என்பார் அரசர். சூரியன் களைத்துப்போய்ச் சிவக்கிறது என்று சொல்லலாம். அதையும் காட்டு என்பார். சும்மா வாயால் அளந்துவிட்டுத் தப்பிக்கிற வழியை அரசர் அடைத்துவிட்டார். அவன் பிழைப்பே வாயை நம்பித்தான். விடிந்து எழுந்தபோதும் கையில் ஒன்றும் இல்லை.

நீராட்டு மண்டபம் நீளமானது. எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பில் காற்று படக் கூடாது என்று சன்னல்களை எல்லாம் இறுகச் சாத்திவிடுவார்கள். கிழக்குச் சுவரில் உயரத்தில் ஒரே ஒரு சாளரம் மட்டும் திறந்திருக்கும். காலை வெயில் அதன் வழியாக ஒரு கற்றையாக நுழைந்து, இருட்டு மண்டபத்தைக் குறுக்கே கடந்து, மேற்கே அரசர் உட்கார்ந்திருக்கும் பீடத்தில் வந்து விழும். அரசர் கிழக்கு முகமாக உட்கார்ந்திருப்பார். எதிரே தூபக்காலில் சாம்பிராணி புகையும். சேடிப்பெண்கள் விசிறியால் அந்தப் புகையை அரசர் தலைப்பக்கம் தள்ளி முடியைக் காயவைப்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது அல்லவா? அரசர் கண்ணயராமல் கதை பேசிச் சிரிக்கவைப்பது பிச்சாண்டியின் வேலை.

அன்றைக்கும் அந்த வேலையைச் செய்தாக வேண்டும்! தாண்டவன் வடக்கு வாசல் ஓரமாகக் கைகள் கட்டப்பட்டு நிற்கிறான், பக்கத்தில் அரிவாளோடு தண்டனைக்காரன் நிற்கிறான், இவன் அரசர் காலடியில் உட்கார்ந்து மாமியாரும் மருமகளும் போட்ட சண்டையைச் சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும். பாதிக் கதையில் மாமியார் யார் மருமகள் யார் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. அரசர் கொட்டாவி விட்டார்.

"பிச்சாண்டி, முடியின் நுனி காய்ந்துவிட்டது" என்றார்.

அரசருக்கு அடர்த்தியான முடி. சாதாரணமாகக் காய நேரமாகும் என்று பிச்சாண்டி அதை ஒன்றைத்தான் நம்பியிருந்தான். அது சோதிடருக்கும் தெரியும். அவர் வடக்குச் சுவர் ஓரம் நின்றுகொண்டு, "ஏன் இப்படி மந்தமாக வீசுகிறீர்கள்? அரசருக்குச் சளி பிடித்தால் யார் பொறுப்பு? இன்னும் சாம்பிராணி போடுங்கள்! இன்னும்!" என்று சேடிப்பெண்களை விரட்டினார். அவர்கள் பிடி பிடியாக அள்ளிப் போட்டார்கள். புகை மண்டபத்தையே அடைத்தது.

பிச்சாண்டிக்கு உட்கார முடியவில்லை. எழுந்து வடக்கு வாசல் பக்கம் தாண்டவனிடம் போனான்.

"மாமா" என்றான் தாண்டவன் மெல்ல. "ஏதாச்சும் தோணுச்சா?"

"தோணும் மாப்ளே. தைரியமா இரு."

"உங்களுக்கே உதடு நடுங்குது மாமா. எனக்குத் தெரியும். அக்காவ மட்டும் இங்க வர விட்டுராதீங்க. அது பாக்க வேணாம்."

பிச்சாண்டி அவன் தோளைத் தட்டினான். ஓடிப்போய் மறுபடி அரசர் காலடியில் நின்றான். வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சாளரத்தை அண்ணாந்து பார்த்தான். புகைக்கு அந்தப் பக்கம் சூரியன் தெரிந்தது. செக்கச்செவேல் என்று, சாயங்காலச் சூரியனாட்டம் தெரிந்தது.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதா? இல்லையே, இன்னும் உச்சிப்பொழுதே ஆகவில்லை. மறுபடி வாசல் பக்கம் ஓடினான். அங்கிருந்து பார்த்தால் அதே புகை, அதே வெயில், இருட்டுச் சுவருக்கு முன்னால் நல்ல நீலமாகச் சுருண்டுகொண்டிருந்தது. திரும்பப் பீடத்துக்கு வந்தான், சிவப்பு. வாசலுக்குப் போனான், நீலம். குட்டி போட்ட பூனை மாதிரி இவன் அலைவதைப் பார்த்துச் சேடிப்பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைத்துனன் நிலைமையைப் பார்த்துப் புத்தி பேதலித்துவிட்டது போலும் என்று நினைத்தார்கள்.

"பிச்சாண்டி!" அரசர் குரல் கடினமாக வந்தது. தலைமுடியைக் கையால் கோதிப் பார்த்தார். "அடிமுடி மட்டும்தான் ஈரம். காரணம் உண்டா, இல்லையா?"

"உண்டு அரசே!"  நினைத்தது பிசகினால் தாண்டவன் கையோடு தன் தலையும் போகும். "ஆனால் அழுது அழுது அடியேன் கண் மங்கிப்போயிற்று. சாத்திரம் படித்தவர், கூரிய பார்வையுடையவர், சோதிடர் பெருமான் ஒரு சிறு உதவி செய்ய வேண்டும். சோதிடரே, தாங்கள் நிற்கும் இடத்திலிருந்தே சொல்லுங்கள். இந்தச் சாம்பிராணிப் புகை என்ன நிறம்?"

"இதுகூடத் தெரியவில்லையா உனக்கு?" சோதிடர் இளக்காரமாகச் சிரித்தார். "நீலம்."

"நன்றாகப் பாருங்கள். அரசர் முன்னிலையில் சொல்கிறீர்கள்."

"குழந்தையைக் கேட்டாலும் நீலம் என்றுதான் சொல்லும். சத்தியமாக நீலம். எத்தனை முறை கேட்டாலும் நீலம்!"

பிச்சாண்டி அரசர் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "அரசே, தங்கள் கண்ணுக்கு நேரே இருக்கும் புகை என்ன நிறம்?"

அரசர் எதிரே பார்த்தார். பார்த்தவர் பீடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சிவப்பு! உருக்கிய செம்பு போல இருக்கிறது. இதையா நீலம் என்றார்?"

 விசிறிகள் நின்றுவிட்டன. ஏகாம்பரச் சோதிடர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயா தண்டனைக்காரரே" என்றான் பிச்சாண்டி, "கொஞ்சம் இப்படி வாருங்கள். அரசர் கண்ணில் படும் நிறத்தை வேறு நிறம் என்று சொல்பவன் எவனாயினும் என்பது ஆணை. இங்கே இன்னும் இரண்டு கைகள் இருக்கின்றன."

"ஐயோ, அரசே! நான் பொய் சொல்லவில்லை! என் கண்ணுக்கு நீலமாகத்தான் தெரிகிறது! என் குலதெய்வத்தின் மேல் ஆணை!" சோதிடர் தடாலென்று விழுந்தார். மேல்துண்டு ஒரு பக்கம் போயிற்று.

"என் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா?"

"இல்லை... அப்படி இல்லை... நீலம்தான்... சிவப்புதான்..." அவர் உளறினார்.

அரசர் கை தண்டனைக்காரனைப் பார்த்து மெல்ல உயர்ந்தது. பிச்சாண்டி அதைப் பார்த்தான். ஒருவன் கையைக் காப்பாற்றப் போய் இன்னொருவன் கை போவதா? சோதிடர் கெட்டவர்தான். ஆனாலும் அவர் வீட்டிலும் ஓர் உண்ணாமலை இருப்பாளே.

"அரசே, பொறுங்கள்! அவர் சொன்னது உண்மை. தாங்கள் சொன்னதும் உண்மை. தயைகூர்ந்து தாங்கள் எழுந்து, சோதிடர் நின்ற இடத்தில் வந்து நின்று பாருங்கள்."

அரசர் ஈரத்தலையோடு எழுந்து வந்தார். வடக்குச் சுவர் ஓரமாக நின்று பார்த்தார். பீடத்துக்குப் போய்ப் பார்த்தார். திரும்ப வந்தார். கொஞ்ச நேரம் முன்னால் பிச்சாண்டி அலைந்த அதே அலைச்சலை இப்போது நாட்டின் அரசர் அலைந்தார்.

"இங்கே நீலம். அங்கே சிவப்பு. ஒரே புகை. யார் மாற்றுகிறார்கள்?"

"யாரும் மாற்றவில்லை அரசே. வெயில் வெள்ளையாகத் தெரிகிறதே தவிர எல்லா நிறமும் அதற்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் வானவில்லாகப் பிரிந்து நிற்பதைத் தாங்களே பார்த்திருக்கிறீர்கள். அந்த வெயில் புகைக்குள் நுழைந்து வருகிறது. அதில் நீலம் இருக்கிறதே, அது கால் தரிக்காத பிள்ளை. இடித்த இடத்திலெல்லாம் விலகிப் பக்கத்துக்கு ஓடிவிடும். பக்கத்தில் நின்றவர் கண்ணில் அதுதான் படுகிறது. சிவப்பு பிடிவாதக்காரன். எத்தனை இடிபட்டாலும் நேராக நடந்து கடைசிவரை வந்து சேருவான். எதிரே உட்கார்ந்த தங்கள் கண்ணுக்கு மிஞ்சியது அவன்தான். வானத்திலும் இதுதான் நடக்கிறது என்று அடியேனுக்குப் படுகிறது. புகைக்குப் பதில் அங்கே காற்று. பகலில் சூரியன் தலைக்கு மேலே. வெயில் வரும் வழி குறைவு. வழியில் சிதறிய நீலம் வானம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. சாயங்காலம் சூரியன் தரையோரம் போய்விடுகிறது. அங்கிருந்து வெயில் காற்றுக்குள் வெகுதூரம் நடந்து வர வேண்டும். வந்து சேருவதற்குள் நீலமெல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோகிறது. சிவப்பு மட்டும் வீடு வந்து சேருகிறது. விடியற்காலையிலும் அப்படித்தான்."

அவன் மூச்சு வாங்க நின்றான்.

"தாண்டவனைத் தாங்கள் காலையில் கேட்டீர்கள். அவன் காலை வானத்தைப் பார்த்து முக்கினான். எந்த நேரத்து வானம் என்று கேட்கத்தான் அவனுக்கு வாய் இல்லை. அவனைத் தண்டிப்பதானால், சோதிடரையும் தண்டியுங்கள். சோதிடரை மன்னிப்பதானால்..." என்று நிறுத்திக் கும்பிட்டான்.

அரசர் கீழே கிடந்த சோதிடரைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். காய்ந்தும் காயாமலும் சிலிர்த்து நிற்கும் தன் தலைமுடியைத் தடவிப் பார்த்தார். உதட்டோரம் துடித்தது. அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு! மண்டபம் அதிர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சீக்கிரம் காயட்டும் என்று சாம்பிராணியை அள்ளிப் போடச் சொன்னவர் யார்? சோதிடரே, நீர் போட்ட புகையில்தான் ஐயா இவன் மைத்துனன் பிழைத்தான்! எழுந்திரும். உம் கைகள் உமக்கே. தாண்டவனை அவிழ்த்துவிடுங்கள். இன்றுமுதல் இந்த அரண்மனையில் வேலை செய்பவர் எவரும் என்னைத் திருப்பிக் கேட்கலாம். பிச்சாண்டி, இந்தா." தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "வேறு என்ன வேண்டும்? கேள்."

"வீட்டுக்குப் போக உத்தரவு வேண்டும் அரசே. இப்போதே."

தாண்டவனை இழுத்துக்கொண்டு பிச்சாண்டி வெளியே ஓடினான். அவள் வர வேண்டாம் என்று தம்பி நினைத்திருந்தும் உண்ணாமலை கோட்டை வாசலில்தான் நின்றிருந்தாள். புருஷன் கழுத்தில் ஆடிய முத்துமாலையை அவள் பார்க்கவே இல்லை. தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். முழங்கைவரை அவுரி நீலம் ஏறியிருந்தது.

"ஏன்டா, ராஜா அரமனைக்கு வர்றவன் கையக் கழுவிட்டு வரக் கூடாதா?" என்று அதட்டினாள்.

"போகாதுக்கா. எத்தனை தேச்சாலும் போகாது."

"போக வேணாம்டா தம்பி" என்றாள் உண்ணாமலை. "இருக்கட்டும்." அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தாள்.